சொத்தை எங்கே போச்சு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: நான். எங்கள் லேப் மேடம். கடலைமிட்டாய் போடும் செல்வி. அவளிடம் கடலை பொறுக்கும் பெண்கள் நாலு பேர். அதில் ஒருத்தி மாரி. ஒரு பூனை.

பூனையையும் எழுதத்தான் செய்தேன். சாம்பிள் எடுக்கும் தாளில் ‘உடனிருந்தவர்கள்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் யாரை விட்டாலும் பின்னால் வம்பு வரும் என்று எனக்குப் பயம். மேடம் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது கையெழுத்துப் போடுமா?” என்று கேட்டார். அடித்துவிட்டேன்.

பம்பாயில், தின்பண்டங்களை டெஸ்ட் பண்ணுகிற எங்கள் செம்பூர் லேபில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். நான் எட்டாவது தாண்டாதவன். மெஷின் எப்படி ஓடுகிறது, நம்பர் எப்படி வருகிறது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். எனக்குத் தெரிந்தது மூட்டைக்கும் உங்கள் மெஷினுக்கும் நடுவில் இருக்கிற வழி மட்டும்தான். அந்த வழியில் மழை வரும், டிராஃபிக் வரும், மனுஷர்களும் வருவார்கள். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் சிரிப்பு வந்தால் தாராளமாகச் சிரிக்கலாம். அன்றைக்கு எனக்குத்தான் வரவில்லை.

ஒரு கடலைமிட்டாய் ஆர்டர் பிழைக்குமா போகுமா என்பதுதான் அன்றைய விஷயம் என்று நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். உண்மையில் விஷயம் மாரியின் இரண்டு வயது மகளுக்கு அரைக்கக் கொடுத்த சத்துமாவு.

முதலில் செல்வி. தாராவியில் அவளுடைய கார்கானா, அதாவது பட்டறை, என்பது ஒரு அறை, ஒரு பரண், ரெண்டு அடுப்பு. அங்கே வெல்லப்பாகு கொதிக்கிற வாசனை மெயின் ரோடு வரைக்கும் வரும். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. என்னை அண்ணாச்சி என்பாள். கோபம் வந்தாலும் அண்ணாச்சிதான், சத்தம் மட்டும் கூடும். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் சப்ளை செய்கிற ஒரு கம்பெனி அவளுக்குப் பெரிய ஆர்டர் கொடுத்திருந்தது. லேப் ரிப்போர்ட் சரியாக இருந்தால்தான் சரக்கை எடுப்பார்கள். அந்த வருஷ மழையில் எங்கோ ஒரு கோடவுனில் ஈரம் ஏறிய கடலை அவள் தலையில் வந்து விழுந்துவிட்டது. முதல் சாம்பிள் நான்தான் எடுத்தேன். ரிப்போர்ட்டில் அஃப்ளாடாக்சின் அளவுக்கு மேல்.

புதிதாக வந்தவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தப் பூஞ்சை விஷம் மூட்டை முழுக்கச் சமமாகப் பரவி இருக்காது. ஆயிரம் கடலை சுத்தமாக இருக்கும், ஒன்றே ஒன்று மொத்த விஷத்தையும் வைத்துக்கொண்டு நடுவில் சாதுவாக உட்கார்ந்திருக்கும். வறுத்தாலும் போகாது, வெல்லத்தில் போட்டாலும் போகாது. ஆனால் அந்தக் கெட்ட கடலை அநேகமாகப் பார்வைக்கே தெரியும். சுருங்கியிருக்கும், தோல் கறுத்திருக்கும், உடைத்தால் உள்ளே பச்சையோ மஞ்சளோ பூத்திருக்கும். எங்கள் ஆட்கள் அதைச் சொத்தை என்பார்கள். அதனால் மேடம் செல்விக்கு ஃபோனில் சொன்னார்: “மொத்தத்தையும் கொட்டிக் கையால பொறுக்கச் சொல்லு. சொத்தை ஒண்ணு விடாம எடுக்கணும். அப்புறம் மறுபடியும் டெஸ்ட் பண்ணலாம்.”

செல்வியும் செய்தாள். பொறுக்குகிற பெண்களை உட்காரவைத்து, முறத்தில் பரப்பி, ஒன்றுக்கு மூன்று தடவை பார்க்க வைத்தாள். கண் வலிக்கிறது என்றால் டீ வாங்கிக் கொடுத்தாள். டீ குடித்த பிறகும் வலிக்கிறது என்றால் திட்டினாள்.

அப்படிப் பொறுக்கி முடித்த மறுநாள்தான் நாங்கள் போனது. மேடம் வழக்கமாக வரமாட்டார். அவர் மாட்டுங்காவில் வீடு, செம்பூரில் லேப் என்று கோடு போட்டமாதிரி வாழ்கிறவர். அன்றைக்கு செல்வி ஃபோனில் அழுததால் வந்திருந்தார். வரும்போதே உடனே பார்க்கிற டெஸ்ட் பட்டை ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். ஒரு கோடு விழுந்தால் கெட்டது, ரெண்டு கோடு விழுந்தால் பிழைத்தோம். முறையான ரிப்போர்ட் லேபில்தான் வரும், ஆனால் செல்விக்கு அதுவரைக்கும் மூச்சு விடவாவது ஒரு வழி வேண்டுமே.

நான் சாம்பிள் எடுக்கிற நேரத்தில் பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். மாரியைப் பார்த்து ஒருத்தி கேட்டாள், “ஏட்டி, ஒம் மவ எடை ஏறுச்சா?”

“எங்க ஏறுது. டாக்டரு சத்துமாவு குடுன்னுட்டாரு. இன்னைக்குத்தான் கேப்பையும் பொரிகடலையும் வாங்கி மில்லுல குடுத்துட்டு வந்திருக்கேன். இனிமே ஒழுங்கா ஏறலைன்னா அவளயே மில்லுல போட்டுருவேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை.

பட்டையில் முதல் கோடு விழுந்தது. செல்வி சாமி படத்தைப் பார்த்தாள். ரெண்டாவது கோடு மெதுவாக, வரலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி வந்தது. வந்தே விட்டது. செல்வி மேடத்தின் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். மேடத்துக்குக் குதித்துப் பழக்கம் இல்லை, நின்ற இடத்திலேயே ஆடினார். டீயும் மஸ்கா பன்னும் வந்தன. பெண்கள் தங்கள் டீயோடு வாசலுக்குப் போனார்கள்.

எனக்கு மட்டும் நிம்மதி இல்லை. நிம்மதி எனக்கு ஒத்துக்கொள்ளாது. நல்லது நடந்தால் அதற்குப் பின்னால் என்ன வரப்போகிறதோ என்று தேட ஆரம்பித்துவிடுவேன். அன்றைக்கு என் கவலை, பொறுக்கிய சொத்தை ராத்திரியோடு ராத்திரி நல்ல கடலையோடு கலந்துவிட்டால் என்ன செய்வது என்பது. கலந்தால் லேபில் ரிப்போர்ட் மாறும், மாறினால் சாம்பிள் எடுத்தவனைத்தானே முதலில் கேட்பார்கள்? அதனால் சொத்தை மூட்டைக்கு சீல் வைத்துவிடலாம் என்று அரக்கும் நூலும் எடுத்துக்கொண்டு பரணில் ஏறித் தேடினேன். மூட்டை இல்லை. அடுப்புக்குப் பின்னால் பார்த்தேன். பூனைதான் இருந்தது.

“செல்வி, சொத்தைய எங்க வச்சிருக்க?”

“சொத்தையா? அத நேத்தே பொறுக்குற புள்ளைக எடுத்துட்டுப் போயிருச்சே அண்ணாச்சி.”

“எங்க?”

“வீட்டுக்கு. வேற எங்க?”

அவள் பன்னைக் கடித்துக்கொண்டே சொன்னாள். அவளுக்கு அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அந்தச் சந்தில் எல்லாக் கார்கானாவிலும் வழக்கம் அதுதான். பொறுக்குகிறவளுக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி, கூடவே சொத்தையும் அவளுக்கு. கூலி குறைவாக இருப்பதே அதனால்தான். அவர்கள் அதில் ரொம்பக் கறுத்ததைத் தள்ளிவிட்டு மிச்சத்தைச் சட்னிக்கு வைத்துக்கொள்வார்கள். இத்தனை வருஷம் அந்தச் சந்துக்குள் போய்வந்திருக்கிறேன், எத்தனையோ பேர் பொட்டலம் கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அது கூலியாகத்தான் தெரிந்ததே தவிர வேறாகத் தெரியவில்லை.

மேடம் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “பொறுக்கி எடுன்னு சொன்னேன். எடுத்து என்ன பண்ணணும்னு நான் சொல்லவே இல்லையே,” என்றார். பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். “புரியறதா? கடலையில குறைஞ்சதெல்லாம் இப்போ அந்தப் பொட்டலத்துல இருக்கு.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நம்பர் குறைந்தால் நமக்கெல்லாம் சந்தோஷம். குறைந்தது எங்கே போச்சு என்று ஒருத்தராவது கேட்க வேண்டும். விஷம் காற்றில் கரைவதில்லை, இன்னொருத்தர் வீட்டுக்கு நடந்து போகிறது. ஒரு மூட்டையில் அங்கங்கே சிதறிக் கிடந்ததை நாங்கள் நாலு பொட்டலமாகச் சுருக்கிக் கையில் கொடுத்து அனுப்பியிருந்தோம்.

செல்விக்குப் புரிந்ததும் அவள் முதலில் செய்தது கதவைச் சாத்தியதுதான். “மேடம், சத்தமாப் பேசாதீங்க. விஷம்னு ஒரு சொல் வெளிய போச்சுன்னா எங் கடலைமிட்டாய நாய்கூட மோந்து பாக்காது.”

எனக்கும் அதே பயம். நான் ஒரு யோசனை சொன்னேன். இன்னொரு டெஸ்ட்டுக்கு சொத்தை வேண்டும் என்று சொல்லித் திரும்ப வாங்கிவிடலாம். யாரும் பயப்பட மாட்டார்கள், சந்தே திரண்டு வராது, செல்வி பெயர் கெடாது. எனக்கே என் யோசனை ரொம்பப் பிடித்திருந்தது.

 மேடத்துக்கும் அந்த வழி சுலபமாகத்தான் தெரிந்தது, முகத்தில் தெரிந்தது. அப்புறம் சொன்னார்: “இன்னைக்குக் கொடுத்துடுவா. அடுத்த மழைக்கு? அப்பவும் எடுத்துண்டு போவா. அப்போ நாம இருப்போமா?”

நாலு பேரையும் உள்ளே கூப்பிட்டு, மறுபடி கதவைச் சாத்தி, உட்காரவைத்துச் சொன்னார். அலங்காரம் இல்லை, மிரட்டல் இல்லை. இதில் பூஞ்சை விஷம் இருக்கலாம், சாப்பிடக்கூடாது, திருப்பிக் கொடுங்கள் என்றார்.

பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். மூத்தவள் சொன்னாள், “மேடம், நான் கல்யாணம் ஆகி வந்த நாள்லேருந்து இதத்தான் திங்கேன். பாருங்க, எப்படி இருக்கேன்.”

“கசந்தாத் துப்பிருவோம்லா,” என்றாள் இன்னொருத்தி.

“வறுத்துத்தான திங்கோம்?” இது மூன்றாவது.

“நேத்து ராத்திரி சட்னி அரச்சுத் தின்னாச்சு. இப்ப என்ன, வாந்தி எடுக்கணுமா?” என்று மறுபடி மூத்தவள். அவள் சிரித்துக்கொண்டே கேட்டாலும் கண் சிரிக்கவில்லை.

“ஒரு நாள் சட்னியில ஒண்ணும் ஆயிடாது,” என்றார் மேடம். “இது உடனே அடிக்கிற விஷமில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமா உள்ள போய் ஈரலைக் கெடுக்கும். அதனாலதான் யாருக்கும் தெரியறதில்லை. பெரியவாளைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு மோசம். வளர்த்தியே நிக்கலாம்.”

மாரி எழுந்து நின்றாள்.

“மேடம், நான் அதை மாவுக்குப் போட்டுட்டேன்.”

யாருக்கும் புரியவில்லை. எனக்குத்தான் புரிந்தது. காதில் விழுந்தது அப்போதுதான் மண்டைக்குப் போய்ச் சேர்ந்தது. கேப்பை, பொரிகடலை. சத்துக்குக் கடலையும் சேர்க்கச் சொல்வார்கள். அவள் வீட்டில் இருந்த கடலை எது?

“மில்லுல குடுத்திருக்கேன். மத்தியானம் எங்க வீட்டுக்காரர் வாங்கிட்டுப் போயி, புள்ளைக்குக் காய்ச்சிக் குடுப்பாரு. அவருக்கு நைட் ஷிஃப்ட்டு, பகல்ல புள்ளைய அவருதான் பாக்காரு.” சொல்லிக்கொண்டே ஃபோன் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப். தூங்கும்போது அணைத்துவிட்டுத் தூங்குகிற மனுஷன். மில்காரன் நம்பர் யாரிடமும் இல்லை. “அவ எடை ஏறாததும் இதனாலதானா மேடம்? போன மாசமும் கஞ்சியில இதத்தான் போட்டேன்.”

மேடம் பொய் சொல்லியிருக்கலாம். இல்லை என்றோ ஆமாம் என்றோ. “எனக்குத் தெரியாது மாரி. அதை நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆனா இன்னைக்கு அவ அதைச் சாப்பிட வேண்டாம். ஓடு,” என்றார்.

மாரி ஓடினாள். பின்னால் நான். மில், லேபர் கேம்ப் என்கிற பகுதியில் இருக்கிறது, சந்து வழியாக நடக்கிற தூரம்தான். ஆனால் அன்றைக்கு அந்தச் சந்தில் யாரோ கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள். மாரி கட்டிலுக்கு அடியில் நுழைந்து போய்விட்டாள். நான் மேலே ஏறிப் போனேன். கட்டில்காரர் என்னைப் பற்றிச் சொன்னதை இங்கே எழுத முடியாது.

ஓடும்போதும் எனக்கு யோசனைதான். மாவு ஒருவேளை நல்லதாகவே இருந்தால்? அந்தப் பொட்டலத்தை நாங்கள் இன்னும் டெஸ்ட் பண்ணவே இல்லையே. ஏழைப் பெண்ணின் மாவை வீணாக்கிவிட்டுப் பிறகு ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்தால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வேன்? திரும்பிப் போய் முதலில் டெஸ்ட் பண்ணலாமா? இப்படி நினைத்துக்கொண்டே மில் வாசலுக்கு வந்துவிட்டேன்.

வாசலில் டப்பாவோடு ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே மெஷின் ஓடுகிறது. மேலே தொட்டியில் மாரியின் தானியம் சுழன்று இறங்குகிறது, கீழே அவளுடைய நீல டப்பாவில் மாவு விழுகிறது, பாதி நிறைந்துவிட்டது. மில்காரன் பையா, உத்தரப் பிரதேசத்துக்காரன், காதில் பஞ்சு வைத்திருப்பான். மாரி கத்துவது அவனுக்குக் கேட்கவில்லை. கேட்ட பிறகும், பாதியில் நிறுத்தினால் மெஷின் அடைத்துக்கொள்ளும், முடியட்டும் என்று கையைக் காட்டினான்.

சுவரில் பெரிய ஸ்விட்ச் ஒன்று இருந்தது. யாரைக் கேட்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன். என் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் நான் செய்த காரியங்கள் ரொம்பக் குறைவு. இழுத்துவிட்டேன்.

மில் நின்றது. பக்கத்துத் தையல் கார்கானாவும் நின்றது. எதிர் ரூமில் டிவியும் நின்றது. அது மில்லின் ஸ்விட்ச் இல்லை, அந்த வரிசைக்கே உள்ள ஸ்விட்ச். சந்து முழுக்க ஒரு நிமிஷம் அமைதி, அப்புறம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சத்தம். பையா காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு, “பாகல் ஹை க்யா, அங்கிள்?” என்றான். பைத்தியமா என்று கேட்டாலும் அங்கிள் போட்டுத்தான் கேட்டான். அது பம்பாய் மரியாதை.

நான் இந்தியில் விளக்க ஆரம்பித்தேன். பூஞ்சைக்கு இந்தியில் என்ன என்று வரவில்லை. மாரி என்னைத் தள்ளிவிட்டு, இடுப்பில் கை வைத்து, ரெண்டே வரியில் சொன்னாள். இதில் கெட்ட கடலை விழுந்துவிட்டது, என் குழந்தை சாப்பிட வேண்டியது, உன் மெஷினில் ஒட்டியிருப்பது அடுத்த ஆள் மாவிலும் வரும், அவர் குழந்தையும் சாப்பிடும். வரிசையில் முன்னால் நின்ற அம்மாள் தன் டப்பாவை மெதுவாகப் பின்னால் இழுத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் பையா பேச்சை நிறுத்திவிட்டுத் துணியை எடுத்தான்.

மேடமும் செல்வியும் வந்து சேர்ந்தார்கள். மெஷினைத் துடைத்து, மேடம் சொன்னபடி பையாவின் சொந்தக் கோதுமையில் ரெண்டு கிலோவை ஓடவிட்டு அந்த மாவையும் குப்பைக்குத் தள்ளினார்கள். அதற்கும் சுத்தம் செய்த கூலிக்கும் மேடம் பணம் கொடுத்தார். தையல் கார்கானாவுக்கு நான் டீ வாங்கிக் கொடுத்தேன், தலைக்கு ஒன்று. என் பர்ஸ் அங்கேயே காலி.

மாவு டப்பா மாரியின் கையில் இருந்தது. நல்ல வாசனை. ஏலக்காய் போட்டிருந்தாள். அதை மேடத்திடம் கொடுக்கும்போது அவள் அழவில்லை, ஆனால் கொடுத்த பிறகும் கை கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தது.

மற்ற மூன்று பேரிடமும் செல்வி பேசினாள். கிலோவுக்குக் கிலோ, சொத்தைக்குப் பதில் நல்ல கடலை. ஒருத்தி தின்ற சட்னிக்கும் சேர்த்துக் கேட்டாள். செல்வி அதையும் கொடுத்துவிட்டு அவளைத் தாராளமாகத் திட்டினாள்.

மாலையில் லேபில் அந்த மாவையும் பொட்டலங்களையும் மெஷினில் ஓட்டிப் பார்த்தோம். நம்பரை நான் எழுத மாட்டேன், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு மேடம், “ஸ்விட்ச் விஷயத்துல யோசிக்காம இருந்தது நல்லதாப் போச்சு,” என்றார். யோசித்துக்கொண்டேதான் இழுத்தேன் என்று நான் சொல்லவில்லை.

செல்வியின் ஆர்டர் பிழைத்தது. ஆனால் மறுவாரம் கடலை வந்தபோது மாரி முறத்தைத் தொடவில்லை. “சொத்தை எங்க கூலி. அதத் திங்கக்கூடாதுன்னா சரி, திங்கல. அந்தக் காச கூலியில போடுங்க,” என்றாள். செல்வி சத்தம் போட்டாள். எனக்கு ஃபோன் போட்டு, “அண்ணாச்சி, ஒங்க மேடத்தால எனக்கு இங்க ஸ்ட்ரைக்கு!” என்று புலம்பினாள். கடைசியில் கூலியைக் கூட்டினாள். மாரி கேட்ட அளவு இல்லை, செல்வி நினைத்த அளவும் இல்லை. இப்போது பொறுக்கிய சொத்தை விழுகிற பக்கெட்டில், துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து வைத்திருக்கிறார்கள். நீலக் கடலையை யாரும் சட்னி அரைக்க மாட்டார்கள். எங்கள் லேபிலும் ‘பொறுக்கி எடுக்கவும்’ என்று எழுதுகிற இடத்தில் ‘பொறுக்கி, சாயம் போட்டு, அழிக்கவும்’ என்று எழுதுகிறார்கள்.

மாரியின் மகளுக்கு எடை ஏறியது. மாவை மாற்றியதாலா, வயது ஏறியதாலா என்று தெரியாது. மேடத்தைக் கேட்டேன், “எனக்கும் தெரியாது” என்றார்.

ஒன்று பாக்கி இருக்கிறது. கேப்பை, பொரிகடலை, ஏலக்காய், அரவைக் கூலி எல்லாம் சேர்த்து மாரிக்கு நான் கொடுப்பதாக மில் வாசலில் சொன்னேன். பர்ஸில் இல்லை. மறுதடவை கொண்டுபோனேன், வாங்கவில்லை. ஃபோனில் அனுப்பட்டுமா என்றேன், அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை.

“இப்ப வேண்டாம் அண்ணாச்சி. கொடுத்துட்டா நீங்க பாட்டுக்குப் போயிருவீங்க. பாக்கி இருந்தாத்தான் மழைக்கு மழை வந்து பக்கெட்டு நீலமா இருக்கா, கூலி கொறஞ்சிருக்கான்னு பாப்பீங்க.”

அன்றிலிருந்து ஒவ்வொரு மழைக்கும் போனேன். ஒவ்வொரு தடவையும் மற்ற பெண்கள் முன்னால், “ஏன் அண்ணாச்சி, எம் பணம் எப்ப வரும்?” என்று மானத்தை வாங்குவாள். பக்கெட்டைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன்.

இனிமேல் என்னால் அந்தப் பரணில் ஏற முடியாது. உங்களில் யாரோ ஒருவர்தான் போகப் போகிறீர்கள். ‘உடனிருந்தவர்கள்’ கட்டத்தில் அவள் பெயரை விட்டுவிடாதீர்கள். புது ஆள் என்று தெரிந்ததும் முதல் வேலையாகப் பணத்தைத்தான் கேட்பாள். பாவம் என்று நினைத்துக் கொடுத்துத் தீர்த்துவிட வேண்டாம். கணக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்: இருநூற்று நாற்பது ரூபாய், இன்னும் பாக்கி.